உண்மை என்று பெயர் வைத்துக்கொண்டவர்

1843ஆம் ஆண்டை இரண்டு காரணங்களுக்காக நம் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி ஐந்தாம் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் உடைமை என்று யார் வந்து வாதாடினாலும் இனி நீதிமன்றம் ஏற்காது என்றது அந்தச் சட்டம். வயல்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாய்க் கிடந்த நம் முன்னோர்கள் காகிதத்தில் விடுதலை பெற்றது அன்றுதான். காகிதத்துக்கு வெளியே அது வந்துசேர எத்தனை காலம் ஆனது என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும்.

அதே ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு கறுப்பினப் பெண், தலையணை உறையில் மாற்றுத்துணியைத் திணித்துக்கொண்டு, கையில் கொஞ்சம் சில்லறையோடு வீட்டைவிட்டு இறங்கி நடந்தார். அதுவரை அவர் பெயர் இசபெல்லா. அன்று முதல் அவர் சோஜர்னர் ட்ரூத். சோஜர்னர் என்றால் ஓரிடத்தில் தங்காமல் சென்றுகொண்டிருப்பவர், ட்ரூத் என்றால் உண்மை. இந்தப் பெயரைத் தாய் தகப்பனும் வைக்கவில்லை, எஜமானரும் வைக்கவில்லை. ஜெபத்தில் கேட்டுப் பெற்றதாக அவர் நம்பினார். உண்மையே கடவுளின் பெயர், ஆகவே இனித் தன் எஜமானரின் பெயரும் அதுதான் என்பது அவர் கண்ட முடிவு. அடிமைகள் எஜமானரின் குடும்பப்பெயரைச் சுமந்து திரிந்த நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

நிலவறையில் பிறந்த பிள்ளை

இசபெல்லா 1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் மாவட்டத்தில் பிறந்தார். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆடுமாடு பிறந்தால் குறித்துவைத்தவர்கள் அடிமைப் பிள்ளை பிறந்ததைக் குறித்துவைக்கவில்லை. அடிமைமுறை என்றால் தென் மாநிலங்களின் பருத்திக்காடு என்றே நாம் படித்திருக்கிறோம். வடக்கே நியூயார்க்கிலும் அது இருந்தது. அங்கே குடியேறியிருந்த டச்சுக்காரப் பண்ணையார்களிடம் அவர் பெற்றோர் அடிமைகள். இசபெல்லா முதலில் பேசியதும் டச்சு மொழிதான். எஜமானரின் வீட்டுக்கு அடியில் ஈரம் கசியும் நிலவறையில், பலகைமேல் வைக்கோல் பரப்பி, ஆண் பெண் குழந்தை எல்லோரும் ஒன்றாகப் படுத்தார்கள்.

தாய் பெட்சிக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் பிறந்தும் அநேகமாக எல்லோரும் விற்கப்பட்டார்கள். ஒரு பனிக்காலக் காலையில் ஐந்து வயது மகனையும் மூன்று வயது மகளையும் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைத் தாய் திரும்பத் திரும்பச் சொல்லி அழுவார். அந்தத் தாய் மாலை நேரத்தில் வானத்தின் அடியில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தந்தவை இவை: கடவுள் இருக்கிறார், எல்லாவற்றையும் பார்க்கிறார், பொய் சொல்லாதே, திருடாதே. வேதபுத்தகத்தைத் தொட்டறியாத தாய் தந்த இந்தப் பாடம்தான் இசபெல்லாவின் வேதம் ஆனது.

ஒன்பது வயதில் ஏலம். ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து நூறு டாலருக்கு ஜான் நீலி என்பவரிடம் விற்கப்பட்டார். அந்த வீட்டில் பேச்சு ஆங்கிலம், சிறுமிக்குத் தெரிந்தது டச்சு. ஒன்றைக் கேட்டால் வேறொன்றை எடுத்துவருவார், அதற்கு அடி விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தணலில் வாட்டிக் கட்டிய பிரம்புக் கற்றையால் அடித்த அடியில் முதுகு கிழிந்து ரத்தம் தரையில் ஓடியது. அந்தத் தழும்பு சாகும்வரை மறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடித்தவரும் கிறிஸ்தவர்தான்.

அதன்பின் ஒரு சாராயக்கடைக்காரர். 1810இல் நியூ பால்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜான் டுமோன்ட். இந்த டுமோன்ட் பண்ணையில்தான் பதினாறு ஆண்டுகள் கழிந்தன.

இரண்டு விசுவாசம்

தமிழில் விசுவாசம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடவுள்மீது வைக்கும் நம்பிக்கையும் விசுவாசம், எஜமானுக்கு ஆள்காரர் காட்டும் நன்றியும் விசுவாசம். கோயிலில் கேட்கும் சொல்லும் பண்ணையில் கேட்கும் சொல்லும் ஒன்றாக இருப்பது ஆண்டைகளுக்கு வசதி. இசபெல்லாவின் இளமைக்காலம் முழுவதும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தது.

எஜமானரைக் கடவுளுக்குச் சமமாக அவர் நினைத்திருந்தார். தன் மனதில் இருப்பதை எல்லாம் கடவுள் பார்ப்பதுபோல் டுமோன்ட்டும் அறிவார் என்று நம்பி, கேட்காத குற்றத்தையும் தானே போய் ஒப்புக்கொள்வார். இரவெல்லாம் துணி துவைத்துவிட்டுப் பகலில் வயலில் இறங்குவார். கூட இருந்த அடிமைகள் வெள்ளைக்காரரின் ஆள் என்று இளித்தார்கள். பிள்ளை பசித்து அழுதாலும் எஜமானர் வீட்டு ரொட்டியை மறைத்து எடுத்துக் கொடுக்கமாட்டார். அழும் பிள்ளையைத்தான் அடிப்பார். தாய் சொன்ன திருடாதே என்ற கட்டளை, தன்னையே திருடி வைத்திருப்பவரின் சொத்துக்குக் காவலாக மாறிப்போயிருந்தது.

அதே வீட்டில் நடந்த ஒரு சம்பவம். காலைச் சாப்பாட்டுக்கு இசபெல்லா வேகவைக்கும் உருளைக்கிழங்கு தினமும் அழுக்கேறி நிற்கிறது. எஜமானி திட்டுகிறார், எஜமானரும் முகம் சுளிக்கிறார். எத்தனை சுத்தமாகக் கழுவியும் அதே கதை. டுமோன்ட்டின் பத்து வயது மகள் கெர்ட்ரூட் மட்டும் இதை நம்பவில்லை. ஒருநாள் விடியற்காலையில் எழுந்து, தானே அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி உட்கார்ந்தாள். இசபெல்லா பால் கறக்கப் போன நேரத்தில் கேட் என்ற வெள்ளை வேலைக்காரி பானைக்குள் சாம்பலைத் தள்ளியதைக் கண்ணால் பார்த்தாள். எல்லோர் முன்னும் அதை உரக்கச் சொன்னாள். எஜமானி வாய் திறக்கவில்லை. கேட்டின் முகம் வெளுத்தது. ஒடுக்கப்பட்டவரின் உண்மை மட்டும் போதவில்லை, அதிகாரத்தின் பக்கம் பிறந்த ஒரு குழந்தை எழுந்து சாட்சி சொல்லவேண்டியிருந்தது. நம் ஊர் வழக்குகளில் மற்றத் தெருக்காரர் ஒருவராவது கூண்டேறி உண்மையைச் சொல்லமாட்டாரா என்று ஏங்கியவர்களுக்கு கெர்ட்ரூட் யார் என்று விளங்கும்.

எஜமானர் சொன்ன பொய்

1799 முதல் நியூயார்க் மாநிலம் அடிமைமுறையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்துவந்தது. 1799க்கு முன் பிறந்த அடிமைகளுக்கு 1827 ஜூலை 4 அன்று விடுதலை என்று பின்னர் சட்டமானது. ஒழுங்காக வேலைசெய்தால் ஓராண்டு முன்னதாகவே, 1826 ஜூலையில் விடுவிப்பதாக டுமோன்ட் வாக்குக் கொடுத்தார். நாள் வந்ததும், கையில் அடிபட்டு வேலை குறைந்துவிட்டதைக் காரணம் காட்டி வாக்கை மாற்றினார்.

இசபெல்லாவின் கண் திறந்தது இங்கேதான். பொய் சொல்லாதே என்ற கட்டளை தனக்கு மட்டும்தானா? கடவுள் என்று நினைத்தவர் பொய் சொல்கிறார் என்றால் அவர் கடவுள் இல்லை. அந்த நிலையிலும், தான் தரவேண்டிய வேலையைத் தந்துவிட வேண்டும் என்று சுமார் நூறு பவுண்டு கம்பளி நூலை நூற்று முடித்தார். பிறகு ஒருநாள் விடியலுக்குச் சற்று முன், கைக்குழந்தை சோபியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பண்ணையைவிட்டு நடந்தார். தேடிவந்த டுமோன்ட்டிடம், இருட்டில் ஓடவில்லை, வாக்கு தந்த நாள் வந்ததால் நடந்துவந்தேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அடைக்கலம் தந்த வான் வாகனன் குடும்பம், மிச்ச மாதங்களுக்கு அவருக்கு இருபது டாலரும் குழந்தைக்கு ஐந்து டாலரும் டுமோன்ட்டிடம் கட்டியது. கட்டிவிட்டு, எங்களை எஜமானர் என்று கூப்பிடாதே என்றது.

1827இல் அவருக்கு ஓர் ஆழ்ந்த ஆன்மிக அனுபவம் ஏற்பட்டது. டுமோன்ட் பண்ணையின் பண்டிகைக் கொண்டாட்டம் இழுக்க, திரும்பிப் போய்விடலாமா என்று சபலப்பட்ட நாள் அது. கடவுள் எங்கும் நிறைந்திருப்பதையும், தனக்கும் அவருக்கும் இடையில் பரிந்துபேச இயேசு நிற்பதையும் அன்று உணர்ந்ததாகப் பின்னாளில் சொன்னார். அதுவரை எஜமானருக்கும் கடவுளுக்கும் பங்கிட்டிருந்த விசுவாசம் அன்றோடு ஒரே இடத்துக்குப் போனது.

பிறழ்சாட்சியான மகன்

இதற்கிடையில் ஐந்து வயது மகன் பீட்டரை டுமோன்ட் விற்றிருந்தார். கைமாறிக் கைமாறிச் சிறுவன் தெற்கே அலபாமாவுக்குப் போய்விட்டான். அடிமையை மாநிலத்துக்கு வெளியே விற்பது நியூயார்க் சட்டப்படி குற்றம். ஒரு கறுப்புப் பிள்ளைக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எஜமானி ஏளனம் செய்தார். என் பிள்ளையை வாங்காமல் விடமாட்டேன் என்ற உறுதியோடு இசபெல்லா கிங்ஸ்டன் நகர நீதிமன்றத்துக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாது. காலில் செருப்பு இல்லை. சத்தியம் செய்யத் தந்த புத்தகத்தை உதட்டில் வைத்து, அவன் என் மகன் என்று சத்தியம் செய்யத் தொடங்கியபோது சுற்றிநின்ற குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். குவேக்கர் சபைக்காரர்கள் வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டித் தந்தார்கள். கேட்டதற்கு மேல் கிடைத்த பணத்தையும் அப்படியே வக்கீலிடம் கொடுத்தார். மிச்சத்தில் செருப்பு வாங்கியிருக்கலாமே என்றவர்களுக்கு, தனக்கு வேண்டியது மகன் மட்டும்தான் என்றார்.

1828இல் சிறுவன் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டான். தாயைக் கண்டதும் அலறினான். இவள் என் தாய் இல்லை, எஜமானரிடமிருந்து என்னைப் பிரிக்காதீர்கள் என்று கெஞ்சினான். நெற்றித் தழும்பைக் கேட்டால் குதிரை உதைத்தது என்றான். கன்னத்துத் தழும்பைக் கேட்டால் வண்டியில் மோதிக்கொண்டேன் என்றான். ஒவ்வொரு பதிலுக்கும் எஜமானரின் முகத்தைப் பார்த்துக்கொண்டான்.

வன்கொடுமை வழக்குகளில் இதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். அடிபட்டவரே கூண்டில் ஏறி, தடுக்கி விழுந்தேன் என்று சொல்வார். பிறழ்சாட்சி என்று பதிவாகும், வழக்குத் தள்ளுபடியாகும். அங்கே பொய் சொல்வது பயம்தான், அந்த மனிதர் இல்லை. கிங்ஸ்டன் நீதிபதி இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டார். பிள்ளையின் வாய் சொன்னதை விட்டுவிட்டு, தாயிடம் ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது கழுத்திலிருந்து கால்வரை விரல் தடிமனுக்குத் தழும்புகள். பயம் தெளிந்தபின்தான் பீட்டர் உண்மையைச் சொன்னான். வெள்ளையர் ஒருவர்மீது வழக்காடி வென்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவராக இசபெல்லாவை வரலாறு இன்று குறிக்கிறது.

கடவுளின் பெயரால் வந்த பொய்

எஜமானரின் பொய்யிலிருந்து தப்பியவர், சாமியார் ஒருவரின் பொய்யில் மாட்டினார். நியூயார்க் நகரத்தில் வீட்டுவேலை செய்து வாழ்ந்த காலத்தில், 1832 வாக்கில், ராபர்ட் மத்தியாஸ் என்பவர் தன்னைத் தீர்க்கதரிசி என்று அறிவித்துக்கொண்டு ஒரு கூட்டத்தைத் திரட்டினார். இசபெல்லாவும் தன் சேமிப்பைக் கொண்டுபோய் அதில் போட்டார். இறைவனின் ராஜ்யம் என்று சொல்லப்பட்ட அந்த வீட்டிலும் அடுப்பு வேலையும் சலவையும் அவர் தலையில்தான் விழுந்தன. 1834இல் கூட்டத்தின் முக்கிய உறுப்பினர் எலைஜா பியர்சன் இறந்தார். மத்தியாஸ்மீது கொலை வழக்குப் பாய்ந்து, பின் விடுதலையானார். அந்த அமளியில் கூட்டத்திலிருந்த வசதியான தம்பதி, இசபெல்லா தங்களுக்கு விஷம் வைக்க முயன்றதாகப் பழி போட்டார்கள்.

கறுப்பின வேலைக்காரப் பெண்மீது விஷப் பழி விழுந்தால் ஊர் நம்பிவிடும். இசபெல்லா ஒதுங்கவில்லை. தான் வேலைசெய்த வீடுகளின் படி ஏறி, பழைய எஜமானர் உட்பட ஒவ்வொருவரிடமும் நன்னடத்தைக் கடிதம் வாங்கினார். அவதூறு வழக்குத் தொடுத்தார். வென்றார். 125 டாலர் இழப்பீடும் வாங்கினார். மதத்தின் பேரால் ஏமாந்தும் அவர் கடவுளை விட்டுவிடவில்லை. இனி யாருடைய வாய் வழியாகவும் கடவுளைக் கேட்பதில்லை என்று முடிவுசெய்தார்.

அதற்கு அவர் கண்ட வழி அழகானது. அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே வேதத்தைப் பிறர்தான் வாசிக்க வேண்டும். பெரியவர்கள் வாசித்தால் ஒரு வசனத்தை மறுபடி வாசிக்கச் சொன்னதும் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். குழந்தைகள் அப்படி இல்லை. எத்தனை முறை கேட்டாலும் அதே வசனத்தை அப்படியே வாசிப்பார்கள். ஆகவே குழந்தைகளை அழைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டதைத் தன் மனசாட்சியோடு ஒப்பிட்டார். வேதத்தில் உண்மையின் ஆவியும் இருக்கிறது, எழுதிவைத்தவர்களின் கருத்தும் கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்ற பிரசங்கத்தைக் கேட்டுக்கேட்டுக் காது புளித்தவர்களின் நடுவே, எழுத்தறியாத ஒரு பெண் இந்த இடத்துக்குத் தானே வந்துசேர்ந்தார். ஒரே ஆலயத்துக்குள் தனி வரிசையும், இறந்தபின் தனிக் கல்லறைத் தோட்டமும் பார்த்த நம் கிறிஸ்தவ மக்களுக்கு இதன் அருமை தெரியும்.

மேடையில்

1843இல் நடக்கத் தொடங்கியவர் நாற்பது ஆண்டுகள் ஓயவில்லை. மசாசூசெட்ஸில் நார்த்தாம்டன் கூட்டுறவுக் குடியிருப்பில் தங்கியபோது வில்லியம் லாயிட் காரிசன், பிரடரிக் டக்ளஸ் முதலிய அடிமை ஒழிப்புத் தலைவர்களோடு பழக்கம் ஏற்பட்டது. தன் வாழ்க்கையைச் சொல்ல, ஆலிவ் கில்பர்ட் எழுத, 1850இல் அது புத்தகமாக வந்தது. ஊர் ஊராக அவரே சுமந்து விற்றார். கிடைத்த பணத்தில் தன் வீட்டுக் கடனை அடைத்தார். பழைய எஜமானர் டுமோன்ட்டை முதுமையில் சந்தித்தபோது, அடிமைமுறை பெரும் தீமை என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதையும் அந்தப் புத்தகம் மகிழ்ச்சியோடு பதிவுசெய்தது.

1851 மே மாதம் ஒஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில் பெண்ணுரிமை மாநாட்டில் பேசினார். உழுவதிலும் அறுப்பதிலும் ஆணுக்குக் குறையாத தன் உழைப்பைச் சொல்லிப் பெண்ணின் உரிமையைக் கேட்டார். சில வாரங்களில் மாரியஸ் ராபின்சன் அந்தப் பேச்சைப் பத்திரிகையில் வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பிரான்சஸ் கேஜ் என்ற பெண்மணி அதே பேச்சை வேறு மாதிரி எழுதினார். அதில் தென்மாநில அடிமைகளின் கொச்சை இருந்தது, பதின்மூன்று பிள்ளைகள் இருந்தார்கள், திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வி இருந்தது. முதல் பதிவில் அந்தக் கேள்வி இல்லை. அவர் தெற்கைச் சேர்ந்தவர் இல்லை, பெற்ற பிள்ளைகளும் ஐந்துதான். ஆனாலும் உலகம் இன்றுவரை பாடமாகப் படிப்பது கேஜ் எழுதியதைத்தான். நல்லெண்ணத்தோடும் பிறர் நம்மைத் திருத்தி எழுதுவார்கள். நம் கதையை நாமே எழுதவேண்டும் என்று தலித் இலக்கியம் வற்புறுத்துவது இதனால்தான்.

1858இல் இந்தியானா மாநிலத்துக் கூட்டம் ஒன்றில் எதிர்ப்பாளர்கள், இந்தக் குரல் பெண் குரல் இல்லை, ஆண் வேடம் போட்டு வந்திருக்கிறான் என்று கூச்சலிட்டார்கள். பெண்கள் தனியே சோதிக்கட்டும் என்றார்கள். ட்ரூத் கூட்டத்தின் முன்னேயே மார்பைத் திறந்து காட்டினார். தன் பாலைக் குடித்து வளர்ந்த வெள்ளைப் பிள்ளைகளை நினைவூட்டி, இந்த வெட்கம் தனக்கு அல்ல, கேட்டவர்களுக்கே என்றார். மேலாடை உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடத்திய மண்ணில் வாழும் நமக்கு அந்தக் கணத்தின் கனம் புரியும்.

உள்நாட்டுப் போரின்போது கறுப்பினப் படைவீரர்களுக்கு உணவு திரட்டினார். 1864 அக்டோபரில் அதிபர் லிங்கனைச் சந்தித்தார். வாஷிங்டனில், விடுதலை பெற்றும் தங்குமிடம் இல்லாமல் முகாம்களில் கிடந்த மக்களிடையே வேலைசெய்தார். அங்கே குதிரை டிராம் வண்டிகளில் பாகுபாடு கூடாது என்று 1865இல் சட்டம் வந்தும் நடத்துநர்கள் கறுப்பர்களுக்கு நிறுத்தவில்லை. ட்ரூத் விடாப்பிடியாக ஏறினார். ஒரு நடத்துநர் பிடித்துத் தள்ளியதில் தோள் காயப்பட்டது. வழக்குத் தொடுத்தார், நடத்துநருக்கு வேலை போனது. அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் போராட்டம் நிலத்துக்காக. சும்மா கிடக்கும் மேற்கு மாநில அரசு நிலத்தை, கூலியின்றி உழைத்த மக்களுக்குப் பிரித்துக்கொடுங்கள் என்று 1870 முதல் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கினார். நாடாளுமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஞ்சமி நிலத்துக்காக மனு எழுதிக் களைத்த நம்மைப் போலத்தான் அவரும். 1872இல் வாக்களிக்கப் போனார், திருப்பி அனுப்பினார்கள்.

அதற்கடுத்த ஆண்டு, 1873இல், மகாராட்டிரத்தில் ஜோதிராவ் பூலே அடிமைத்தனம் பற்றிய தன் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் சத்திய சோதக் சமாஜம், அதாவது உண்மையைத் தேடுவோர் சங்கம். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்ததில்லை. ஒடுக்கியவர்கள் சொன்னதை எல்லாம் வேதம் என்று ஏற்கமுடியாது என்ற நிலைக்கு இருவரும் தனித்தனியே வந்தார்கள்.

1883 நவம்பர் 26 அன்று மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக்கில் சோஜர்னர் ட்ரூத் இறந்தார். வயது சுமார் எண்பத்தாறு. கல்லறைக் கல்லில் நூற்றைந்து என்று பொறித்தார்கள். உண்மை என்று பெயர் வைத்துக்கொண்டவரின் கல்லறையிலும் கணக்குத் தவறு. பிறந்த தேதியைக் குறிக்காமல் விட்டவர்கள் செய்த அநியாயம் அங்கேயும் வந்து நிற்கிறது.

ஆனால் காகிதம் ஒன்று தப்பியிருக்கிறது. மகன் பீட்டருக்காக அவர் 1828இல் தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2022இல் நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டன. எழுதத் தெரியாத அந்தத் தாய் கையெழுத்துக்குப் பதில் போட்ட பெருக்கல் குறி அதில் இருக்கிறது. குமாஸ்தாக்களின் சிரிப்பு அதில் பதிவாகவில்லை. அவர் சொன்ன உண்மை பதிவாகி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்தும் கைக்குக் கிடைக்கிறது.

மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இதுதான். உங்கள் தெருவில் ஒரு அநியாயம் நடந்தால், தேதி போட்டு எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் நீங்கள் எழுதித் தாருங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள், ஒரு நகலை வீட்டில் வையுங்கள். சாட்சி சொல்லப் பயப்படுகிறவரைப் பொய்யர் என்று ஏசாமல், அவர் வீட்டுத் திண்ணையில் போய்க் கூட உட்காருங்கள். பீட்டர் உண்மையைச் சொன்னது தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபின்தான்.